தாத்தா ஏமாந்தாரா?

கேள்வி: என் தாத்தா கோவையில் மில் தொழிலாளி. டெரிட்டோரியல் ஆர்மி சீருடையில் அவர் நிற்கும் போட்டோ வீட்டில் இருக்கிறது. 1960களில் சேர்ந்து பதினெட்டு வருடம் இருந்தாராம். ஆனால் பட்டாளத்துப் பென்ஷன் வரவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?
- வாசகி, சிங்காநல்லூர்

பதில்: இல்லை அம்மணி. பதினெட்டு வருடம் என்பது பட்டியலில் பெயர் இருந்த காலம். பென்ஷனுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

நானும் கோவை 110-ஆவது காலாட்படை பட்டாலியனில் ஹவில்தாராக இருந்தவன்தான். பிழைப்புக்கு ஒரு மில்லில் ஸ்பின்னிங். டெரிட்டோரியல் ஆர்மி என்பது பகுதிநேரப் பட்டாளம். இதில் சேரவே சொந்தமாக ஒரு வேலை இருக்க வேண்டும் என்பது விதி. 1948-இல் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9-இல் நம்ம ராஜாஜி, கவர்னர் ஜெனரலாக, தொடங்கி வைத்தார்.

வருடத்துக்கு இரண்டு மாதம் பயிற்சி. மற்ற பத்து மாதமும் நூலும் பஞ்சும்தான். முகாமுக்குக் கிளம்பும்போதெல்லாம் எங்கள் சூப்பர்வைசர், "ரெண்டு மாசம் டூரா?" என்பார். காலை நாலரைக்கு விசில் ஊதும் டூர்! போரோ கலவரமோ வந்து அரசு அழைத்தால் முழுநேரச் சிப்பாய். இதை ‘எம்பாடி ஆவது’ என்போம். 1962, 1965, 1971 மூன்றிலும் டெரிட்டோரியல் ஆட்கள் போனார்கள். திரும்பி வந்தால் பழைய வேலையைக் கொடுத்தாக வேண்டும். சட்டத்தின் 7ஏ பிரிவு அது. அந்தத் தாளை நான் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

இப்படி எம்பாடி ஆன நாட்களை மட்டும்தான் கூட்டுவார்கள். இன்றைய விதிப்படி ஜவானுக்கு அது 15 வருடம் சேர வேண்டும், அதிகாரிக்கு 20. நான் 22 வருடம் இருந்தேன். காஷ்மீரையும் சேர்த்து எம்பாடி ஆனது ஆறு வருடம் ஏழு மாதம். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன், ஒரு நாள்கூட ஏறவில்லை. சரி, மில் பி.எஃப். கை கொடுத்தது.

தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தேடுங்கள். டிரங்குப் பெட்டியின் அடியில், ரேஷன் கார்டோடு கிடக்கும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை அழைக்கப்பட்டார் என்று அதில் இருக்கும். போட்டோவில் மார்பில் ரிப்பன் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1965-இல் பணியில் இருந்தவர்களுக்கு ரக்ஷா பதக்கம், 1971-க்கு சங்ராம் பதக்கம் கொடுத்தார்கள். ரிப்பன் இருந்தால் போட்டோவின் நகலை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.