ஈக்வடார் திருவிழாக்கள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கே: பத்து நாள் லீவு. எத்தனை திருவிழா பார்க்கலாம்?

ப: ஒன்று. மிஞ்சிப்போனால் ஒன்றரை. தேதியை முதலில் முடிவு செய்துவிட்டு டிக்கெட் போடுங்கள். ஜூன் கடைசி என்றால் ஒத்தவலோவில் இந்தி ராய்மி என்ற சூரியத் திருவிழா. டிசம்பர் 24 என்றால் குவென்காவில் குழந்தை இயேசு ஊர்வலம். புத்தாண்டு முதல் ஆறு நாள் பீயாரோவில் பேய் முகமூடி ஆட்டம்.

கே: கீட்டோவில் இறங்கியதும் அன்றைக்கே கேபிள் காரில் மேலே போகலாமா?

ப: போகாதீர்கள். கீட்டோவே 2,850 மீட்டர். கேபிள் கார் உங்களை 4,000 மீட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். முதல் நாள் தண்ணீர் குடித்துவிட்டுச் சும்மா இருங்கள். மது வேண்டாம்.

கே: எந்தப் பணம் கொண்டு போவது?

ப: அமெரிக்க டாலர். 2000-லிருந்து அதுதான் அந்த நாட்டுப் பணம். 50, 100 நோட்டுகளைக் கடைக்காரர் தொடக்கூட மாட்டார். ஒன்றும் ஐந்துமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: சைவச் சாப்பாடு கிடைக்குமா?

ப: உருளைக்கிழங்கும் சீஸும் போட்ட லோக்ரோ சூப், யாப்பிங்காச்சோ அடை இரண்டும் கைகொடுக்கும். 'கார்னே வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடும். அவர்களுக்குக் கார்னே என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். புனித வாரத்து ஃபனெஸ்காவில் பன்னிரண்டு தானியம் என்பார்கள். உப்புக்கருவாடும் அதில் உண்டு.

கே: மாமா நெக்ரா செப்டம்பரில் நல்லதா, நவம்பரில் நல்லதா?

ப: இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மாமா நெக்ரா என்றால் 'கறுப்பு அம்மா'. லத்தகுங்கா ஊரில் இந்தத் திருவிழா வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும். செப்டம்பர் 23, 24 சந்தைக்காரப் பெண்கள் மெர்சேத் மாதாவுக்கு எடுக்கும் விழா. நவம்பரில் நடப்பது ஊரின் சுதந்திர நாளை ஒட்டி நகராட்சி நடத்துவது. அதில் வேஷம் போடுகிறவர் ஊர்ப் பெரிய மனிதர். என் ஓட்டு செப்டம்பருக்கு.

மாமா நெக்ராவாக வருகிறவர் பெண் வேஷம் போட்ட ஆண், முகத்தில் கரி, குதிரை மேல் சவாரி, கையில் குழந்தைப் பொம்மை. பாலும் தண்ணீரும் கலந்த புட்டியைக் கூட்டத்தின் மேல் பீய்ச்சுவார். என் சட்டைக் காலரில் சாயங்காலம் வரை புளித்த வாடை போகவில்லை. பின்னால் அஷாங்கா சுமப்பவர் வருவார். முழுப் பன்றி வறுவல், அதன் மேல் கினிப்பன்றிகள், சாராயப் புட்டிகள், எல்லாம் முதுகில். சுமையை இறக்கி வைக்க ஒருவர் சின்ன மேசையோடு கூடவே ஓடுவார்.

கே: நவம்பரும் அசல்தான். நான் பார்த்தேன், கூட்டம் பெரிது.

ப: கூட்டத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பக்கத்தில் நிற்கிறவர் யார் என்று பாருங்கள்: ஒன்றில் நேர்த்திக்கடன், மற்றதில் மேடை, கௌரவம்.

கே: முகத்தில் கரி பூசுவது இனவெறி இல்லையா?

ப: கேட்க வேண்டிய கேள்வி. சுரங்க அடிமைகள் விடுதலையான நினைவு என்கிறார் ஒருவர், கோத்தோபக்சி எரிமலையிலிருந்து மாதா காப்பாற்றிய நன்றி என்கிறார் இன்னொருவர். எந்தக் கதையை நம்பினாலும் வேஷம் போடுகிறவர் கறுப்பினத்தவர் இல்லை என்பது எனக்கும் உறுத்துகிறது.

கே: நவம்பர் பற்றி நீங்கள் சொன்னது...

ப: போதும் சாமி. அடுத்தவர்.

கே: கார்னிவலில் நனையாமல் இருக்க முடியுமா?

ப: அம்பாத்தோ போங்கள். 1949 நிலநடுக்கத்துக்குப் பின் மனதைத் தேற்றிக்கொள்ள 1951-இல் பூ, பழத் திருவிழாவாக ஆரம்பித்தார்கள். குவாராந்தா போனால் தண்ணீர், நுரை, மாவு மூன்றும் நிச்சயம்.

கே: விசா?

ப: தூதரகத்தைக் கேளுங்கள். பாதுகாப்பு நிலவரத்தையும் கிளம்பும் முன் பாருங்கள், முக்கியமாகக் கடற்கரை மாகாணங்களுக்கு.

கே: முதல் நாளே கோத்தோபக்சி ஏறலாமா?

ப: மேலே இரண்டாவது பதில்.

கே: 100 டாலர் நோட்டு செல்லுமா?

ப: மூன்றாவது பதில்!

கே: டிசம்பர் 31 கீட்டோவில் என்ன நடக்கும்?

ப: பழைய ஆண்டைப் பொம்மையாகச் செய்து நள்ளிரவில் கொளுத்துவார்கள். அதற்கு முன் அந்தப் பொம்மையின் 'விதவை'களாகப் பெண்களின் கறுப்பு உடையில் ஆண்கள், நடுரோட்டில் கயிற்றைக் கட்டி வண்டிகளை மறித்து ஒப்பாரி வைப்பார்கள். சில்லறை கொடுத்தால்தான் கயிறு இறங்கும். நான் இருபது டாலரை நீட்டினேன். விதவை அதை வாங்கி மார்புக்குள் செருகிக்கொண்டு இன்னும் உரக்க அழுதார்.