சயாமுக்குப் போனவர்கள்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர் எஸ்பிளனேட் பூங்காவில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ நினைவிடக் குறிப்பைப் படித்தேன். இந்துஸ்தானி அறியாத மலாயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்களிடம் நேதாஜி எந்த மொழியில் பேசினார்? அவர்கள் சோற்றுக்காகத்தான் படையில் சேர்ந்தார்கள் என்கிறார் என் நண்பர். என் பாட்டியும் ஜொகூர்த் தோட்டத்தில் பிறந்தவரே.

வாசகன், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

நேதாஜி இந்துஸ்தானியில் பேச, அதைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். படைக்குள் ரோமன் எழுத்தில் எழுதிய இந்துஸ்தானி புழங்கியது. மொழிச் சங்கதி அவ்வளவே.

உங்கள் நண்பரின் தீர்ப்பு வயிறு நிறைந்தவரின் தீர்ப்பு. ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவன் சோற்றுக்கு ஆசைப்பட்டிருந்தால்தான் அதில் என்ன இழுக்கு? இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராத தோட்டத்துப் பெண்கள் அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தியதை அவர் எந்தக் கணக்கில் எழுதுவார்?

எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் சீருடை அணிந்தவர்களைப் பற்றியே கேட்கின்றன. அதே தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயிலுக்கு, அதாவது சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட ரயில் பாதை வேலைக்கு, பிடித்துச் செல்லப்பட்டவர்களைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையின் இருமுனைத் தண்டவாளங்களும் சயாமின் கொன்கொய்தாவில் இணைந்தது 1943 அக்டோபர் 17. இங்கே சிங்கப்பூரின் கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை நேதாஜி அறிவித்தது அதே மாதம் 21. இரண்டாவது தேதியைக் கொண்டாடும் நாம் முதலாவதை அறியவும் முயல்வதில்லை. அந்தப் பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேல். அவர்களில் பலருக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. அவர்களைவிடப் பல மடங்கு மாண்ட ஆசியத் தொழிலாளர்களுக்கோ பெயர்ப்பட்டியல்கூட இல்லை.

என் அத்தையின் கணவரை ஒருநாள் விடியற்காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் வாசித்து அழைத்தார்; மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். அவரும் வரவில்லை, அவர் இறந்த செய்தியும் வரவில்லை. அத்தை கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. ஆனால் ஆடி அமாவாசைதோறும் மகனை மட்டும் தர்ப்பணம் கொடுக்க அனுப்பிவிட்டு, அன்று முழுவதும் யாருடனும் பேசமாட்டார். இந்த முரணை அவரிடம் கேட்கும் துணிவு எங்கள் வீட்டில் எவருக்கும் இருந்ததில்லை.

பாட்டி ஜொகூர்த் தோட்டத்தில் பிறந்தவர் என்று போகிறபோக்கில் எழுதுகிறீர்களே, அவரிடம் நீங்கள் ஒரு கேள்வியேனும் கேட்டதுண்டா? நண்பரோடு வாதாடியது போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை பாட்டியிடம் போய், அவர் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து சயாமுக்குப் போனவர்கள் யார் யார், எவர் திரும்பினார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். அடுத்த வாரம் இதே இடத்தில் வெளியிடுகிறேன்.