டாக்டரிடம் என் பையன் பேசியதை நான் கேட்கக் கூடாதா?

கேள்வி: எங்களுக்குத் திண்டுக்கல் பக்கம். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மகன் ப்ளஸ் டூ, வரும் மார்ச்சில் 18 முடிகிறது. காலாண்டுத் தேர்வுக்கு அப்புறம் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனோம். எங்களிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு வெளியே உட்காரச் சொன்னார். அவனோடு தனியாக முக்கால் மணி நேரம் பேசினார். என்ன சொன்னான் என்று கேட்டால், "மனச்சோர்வு இருக்கிறது, மாத்திரை எழுதியிருக்கிறேன், மற்றதை அவனே சொல்லட்டும்" என்கிறார். ஃபைலைக் கேட்டேன், தரவில்லை. பெற்றவன் நான், ஃபீஸ் கட்டுவதும் நான், அவனோ மைனர். எனக்குத் தெரியக் கூடாத ரகசியம் அப்படி என்ன? மெடிக்கல் கவுன்சிலில் புகார் கொடுக்கலாமா? அடுத்த முறை அவன் பையில் போனை ரெக்கார்டிங்கில் போட்டு அனுப்பச் சொல்கிறார் மச்சான்.

- பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: புகார் யோசனையை முதலில் விடுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அது நிற்காது. என்ன நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார், மாத்திரையும் எழுதித் தந்துவிட்டார். மூடிய கதவுக்குப் பின்னால் பையன் பேசியதை ஒப்பிக்கவில்லை என்பது மட்டும்தான் உங்கள் குறை. ஒப்பிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவரிடம் சொல்லவில்லை.

அவன் மைனர் என்பது சரி. நம் நாட்டில் 18 முடியும்வரை சிகிச்சைக்குச் சம்மதம் தர வேண்டியவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர்தான். குற்றவியல் சட்டத்தில் 12 வயது என்று ஒரு கோடு இருக்கிறது (பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவுகள் 27, 28). அதைக் காட்டி 12 தாண்டிய பிள்ளையே சம்மதம் தரலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் எந்த மருத்துவமனையும் அதை நம்பி இறங்குவதில்லை, பெற்றோர் கையெழுத்தைத்தான் கேட்பார்கள். கூகுளில் தேடினால் இங்கிலாந்தின் கில்லிக் வழக்கு வந்து விழும். விவரம் புரியும் முதிர்ச்சி இருந்தால் 16 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளையே சிகிச்சைக்குச் சம்மதிக்கலாம் என்று 1985-ல் அங்கே சொன்னார்கள். அது இங்கே சட்டம் அல்ல.

ஆக, முடிவெடுக்கும் பொறுப்பு உங்களுடையது. அந்தப் பொறுப்புக்கு எவ்வளவு தகவல் தேவையோ அவ்வளவு உங்களுக்கு வந்தாக வேண்டும். சட்டம் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். பிரிவு 15-ன்படி, மைனருக்கு அவனுடைய சட்டப்படியான பாதுகாவலரே நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் அவன் சார்பில் நிற்பவர். இங்கே அது நீங்கள். மனநல மறுஆய்வு வாரியம் வேறு உத்தரவு போட்டால்தான் அது மாறும். சிகிச்சையில் உதவுவதற்காக நோய், சிகிச்சை பற்றிய விவரங்களைக் கேட்டுப் பெற அந்தப் பிரதிநிதிக்கு உரிமை உண்டு என்கிறது பிரிவு 17. நோயாளி சொன்னதை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை என்கிறது பிரிவு 23. அந்தக் கடமைக்கு முதல் விதிவிலக்கே பிரதிநிதிதான், ஆனால் "தன் கடமைகளைச் செய்வதற்காக" என்ற நிபந்தனையோடு. ஃபீஸ் யார் கட்டுகிறார்கள் என்று இதில் எங்கேயும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுக் கணக்கில் இதற்கு என்ன அர்த்தம்? மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு வரலாம், எதைப் பார்த்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும், இவை எல்லாம் உங்களுக்குச் சேர வேண்டியவை. மருந்தைப் பற்றி வக்கீலான நான் பேசக் கூடாதுதான். ஆனாலும் மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளைத் தொடங்கும்போது, முதல் சில வாரங்கள் இளவயதுப் பிள்ளைகளைக் கூடுதலாகக் கவனிக்கச் சொல்வார்கள். படபடப்பு, தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்லாமல் சீட்டை மட்டும் நீட்டியிருந்தால், அதைக் கேட்டு வாங்குங்கள், உங்களுக்கு முழு உரிமை. மாறாக, எந்த நண்பனோடு சண்டை, யாரைப் பிடித்திருக்கிறது, வீட்டில் எது கசக்கிறது என்பதெல்லாம் அவனுடையது. அந்த முக்கால் மணி நேரத்தில் உங்களைப் பற்றியேகூடப் பேசியிருக்கலாம். அது தெரிந்தால்தான் மாத்திரை கொடுக்க முடியும் என்றில்லையே.

உயிருக்கு ஆபத்து என்று வந்துவிட்டால் கதையே வேறு. பிரிவு 23-லேயே அதற்கு விதிவிலக்கு இருக்கிறது. பையன் சாக நினைக்கிறான் என்று தெரிந்தால் டாக்டர் ரகசியத்தை உடைத்து உங்களிடம் சொல்லலாம். பிறருக்கு அவனால் ஆபத்து என்றாலும் அப்படித்தான், அந்த ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்கு. எனவே அடுத்த முறை போகும்போது, "என்ன பேசினான்?" என்று கேட்காதீர்கள். "இவன் உயிருக்கு ஆபத்து இருப்பதாக நினைக்கிறீர்களா? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று நேருக்கு நேர் கேளுங்கள். மாத்திரைப் பட்டையை யார் கையில் வைத்திருப்பது, கடையில் இருக்கும் ஆசிட், ரசாயன டப்பாக்களைப் பூட்டுவதா, ராத்திரி யாராவது கூடப் படுப்பதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். இந்தக் கேள்விக்கும் "அவனையே கேளுங்கள்" என்று ஒரு டாக்டர் சொன்னால், அவரை மாற்றிவிடுங்கள். அவருக்குத் தெரிந்தும் சொல்லாமல் விட்டு ஏதாவது நடந்தால்தான் கவனக்குறைவு என்று வழக்குப் பேச இடமிருக்கும். ராத்திரி நேரத்தில் பயமாக இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள்.

ஃபைல் விஷயம். நோயாளியோ, அவர் சார்பில் அதிகாரம் பெற்ற உதவியாளரோ மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. மருந்துச்சீட்டு, நோய் விவரம், ரத்தப் பரிசோதனை முடிவு இவற்றின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள், மறுக்க முடியாது. டாக்டர் தனக்காக எழுதிக்கொள்ளும் பேச்சுக் குறிப்புகள் வேறு. மனநலச் சட்டத்தில், நோயாளியே தன் பதிவைக் கேட்டால்கூட, கடுமையான மனப் பாதிப்பு வரும் என்று கருதும் பகுதியை நிறுத்திவைக்க இடமிருக்கிறது.

அந்தக் குறிப்புகளைப் பிடிவாதமாக வாங்குவது உங்களுக்கே நல்லதா என்றும் பாருங்கள். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லவைக்காமல் சாட்சியச் சட்டம் காக்கிறது. டாக்டரிடம் நோயாளி சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, நீதிமன்றம் உத்தரவு போட்டால் கொடுத்தே ஆக வேண்டும். கணவன் மனைவி வழக்கில் பிள்ளையின் மருத்துவக் காகிதத்தை எதிர்த்தரப்பு வரவழைக்கப் பார்ப்பது குடும்ப நீதிமன்றத்தில் புதிதல்ல. பீரோவில் இன்னொரு நகல் எதற்கு?

பெற்றோர் பலருக்குத் தெரியாத இன்னொன்று போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம். 18-க்குக் கீழே இருக்கும் பிள்ளை பாலியல் குற்றத்துக்கு ஆளானது டாக்டருக்குத் தெரியவந்தால், பிரிவு 19-ன்படி அவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ. விரும்பித்தான் பழகினார்கள் என்பது இதில் கணக்கில் வராது. ஆகவே, "எல்லாவற்றையும் ரகசியமாக வைப்பேன்" என்று எந்த டாக்டரும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க முடியாது. நல்ல டாக்டர்கள் பேச்சைத் தொடங்கும் முன்பே எதை மறைக்க முடியாது என்பதைப் பிள்ளையிடம் சொல்லிவிடுவார்கள்.

மகளை வைத்து இதே கேள்வியைக் கேட்பவர்களுக்காகவும் ஒரு வார்த்தை. 18 வயதுக்குக் கீழே கருக்கலைப்புக்குப் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் கட்டாயம், எனவே அங்கே பாதுகாவலருக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. மற்றவர்களிடமிருந்து பெயரை மறைக்கச் சட்டம் இருக்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தில் வந்த பிரிவு 5ஏ-யின்படி, பெயரை வெளியிடும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போக்சோ தகவலில்கூட டாக்டர் அவள் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லியிருக்கிறது. மாதவிடாய்க் கோளாறுக்கு எழுதித் தந்த ஹார்மோன் மாத்திரைப் பட்டையைக் கூகுளில் தேடி, கருத்தடை மாத்திரை என்று பார்த்துவிட்டு மகளைப் போட்டு உலுக்கும் வீடுகளும் உண்டு. எதற்கு எழுதினீர்கள் என்று டாக்டரிடம் கேட்டால் இரண்டு நிமிட வேலை.

மச்சானின் யோசனைக்கு வருவோம். வேண்டவே வேண்டாம். டாக்டரின் அறையில் பேசுவதைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வதால் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. பையன் கண்டுபிடித்தால் அந்த நாற்காலியில் மறுபடி உட்கார மாட்டான். டாக்டரும் உங்களைக் கழற்றிவிடுவார்.

மார்ச்சில் 18 முடிந்தால் மனநலச் சட்டத்தின் பிரிவு 15 உங்களுக்குப் பொருந்தாது. பிரிவு 14-ன்படி அவனே தன் பிரதிநிதியை எழுதித் தரலாம். அது அம்மாவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், நீங்களாக இல்லாமலும் போகலாம். அதன்பின் சம்மதக் கையெழுத்து அவனுடையது, டாக்டர் உங்களை அறைக்குள் கூப்பிடுவதே அவன் சரி என்று சொல்வதைப் பொறுத்தது. அதற்குள் ஒருநாள் மூவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, எதை வீட்டில் சொல்லலாம், எதை அவன் சொல்லும்வரை விட்டுவிடலாம் என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சை நீங்களே தொடங்கினால் டாக்டரும் இறங்கி வருவார். அப்படியே ரிசப்ஷனில் கொடுத்த போன் நம்பரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே உங்கள் நம்பர் இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட், லேப் ரிப்போர்ட் எல்லாம் வாட்ஸ்அப்பில் உங்களுக்குத்தான் வரும். இப்போதைக்கு அது அப்படியே இருக்கலாம், பிறந்தநாளுக்கு அப்புறம் அவன் நம்பரைப் போடச் சொல்லுங்கள்.