லிஸ்பனில் தங்க, உண்ண, வாங்க – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் பயணக் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிப்பவன். வரும் அக்டோபரில் குடும்பத்தோடு லிஸ்பன் போகிறோம். ஐந்து இரவுகள். நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், 70 வயதான அம்மா. அம்மா சைவம், கேக்கில் முட்டை இருந்தால் மட்டும் கண்டுகொள்ளமாட்டார். முழங்கால் வலியும் உண்டு. நாங்கள் மூவரும் மீன் சாப்பிடுவோம்.

படத்தில் பார்த்த அல்ஃபாமா பகுதியில்தான் வீடு எடுக்க வேண்டும் என்று மகள் அடம்பிடிக்கிறாள். பயண முகவரோ விமான நிலையத்துக்கு அருகில் ஹோட்டல், தினமும் இரவு இந்திய உணவகம் என்று திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். எது சரி? அங்கே என்ன வாங்கலாம்? ஊரிலிருந்து பருப்புப்பொடி, ஊறுகாய், நெய் எடுத்துப்போனால் பிடுங்கிக்கொள்வார்களா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

மகளின் திட்டமும் வேண்டாம், முகவரின் திட்டமும் வேண்டாம். லிஸ்பனில் சாப்பாட்டுக் கடையையோ சாமான் கடையையோ முதலில் தேடக் கூடாது. படுக்கை எந்த மேட்டில் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அந்த ஊர் குன்றுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. காலை எட்டு மணிக்கு இறங்குவது சுகம். இரவு ஒன்பது மணிக்கு, வயிறு நிறைந்த பிறகு, அதே தெருவில் முழங்கால் வலியோடு ஏறுவது வேறு விஷயம்.

அல்ஃபாமா அழகுதான், மறுக்கவில்லை. 1755 நவம்பர் 1 அன்று வந்த நிலநடுக்கத்தில் நகரத்தின் நடுப்பகுதி இடிந்து எரிந்தபோதும் பெரும்பாலும் தப்பித்த பகுதி அது. அதனால்தான் சந்துகள் இன்னும் அப்படியே வளைந்து நெளிந்து கிடக்கின்றன. அந்தச் சந்துகளில் கார் போகாது, பெட்டியை நீங்கள்தான் தூக்க வேண்டும். பழைய வீடுகளில் லிப்ட் கிடையாது. விளம்பரத்தில் "மூன்றாம் மாடி, ஆற்றைப் பார்த்த ஜன்னல்" என்று இருந்தால், ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய மரப்படிகளை அம்மா தினமும் ஏறி இறங்குவார் என்று பொருள். தரையில் பதித்திருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களோ மழை பெய்தால் எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும். அக்டோபரில் மழை தொடங்கக்கூடும். இன்னொன்றும் உண்டு. அந்தப் பகுதியில் வீடு வீடாகச் சுற்றுலா வாடகைக்கு மாறி, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் வாடகை கட்ட முடியாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். பகலில் போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள். படுப்பதற்கு வேறு இடம் பார்ப்பது காலுக்கும் நல்லது, மனச்சாட்சிக்கும் நல்லது.

முகவர் சொல்லும் விமான நிலைய ஹோட்டலில் மேடு இல்லை, ஊரும் இல்லை. விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே இருப்பதுபோல அவ்வளவு பக்கம். 2012 முதல் மெட்ரோவே உள்ளே வருகிறது. அப்படியிருக்க அதன் பக்கத்தில் தங்குவதில் எந்த லாபமும் இல்லை, அவருடைய கமிஷனைத் தவிர.

நான் சொல்வது சல்தான்யா, சாவ் செபஸ்தியாவ் பகுதி. வரைபடத்தில் "புதிய அவென்யூக்கள்" என்று பொருள்படும் போர்ச்சுகீசியப் பெயரில் இருக்கும். அஞ்சலட்டைக்குத் தகுந்த இடமல்ல. அகலமான தெருக்கள், அலுவலகங்கள், மருந்துக் கடைகள், லிப்ட் உள்ள கட்டடங்கள். பெரும்பாலும் சமதரை. விமான நிலையத்திலிருந்து சிவப்பு மெட்ரோ மாறாமல் நேராக இந்த இரண்டு நிலையங்களுக்கும் வரும். நடக்கும் தூரத்தில் குல்பென்கியான் அறக்கட்டளையின் தோட்டம் இருக்கிறது. அம்மா மாலையில் உட்கார அதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை. நகர நடுவில்தான் இருக்க வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தால் பைஷா. நிலநடுக்கத்துக்குப் பிறகு பொம்பால் பிரபு கோடு போட்டாற்போல் கட்டவைத்த சமதளம் அது. பைர்ரு ஆல்ட்டு பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள். மது விடுதிகளின் சத்தம் விடிய விடியக் கேட்கும்.

தங்கும் கட்டணத்தோடு நகராட்சியின் சுற்றுலா வரியும் சேரும். 2024 செப்டம்பர் முதல் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ. 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்த வரி கிடையாது. நால்வருக்கு ஐந்து இரவுக்கு 80 யூரோ. விடுதியில் கேட்கும்போது ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

மேட்டில் ஏறாமலேயே மேட்டைப் பார்க்க வழி உண்டு. பைஷாவிலிருந்து ஷியாடு மேட்டுக்கு ஏறவென்று எழுப்பியது சாந்தா ஜுஸ்தா இரும்பு லிப்ட். 1902இல் கட்டியது, பார்க்க அழகு. கீழே நின்று பார்த்தால் போதும். பைஷா–ஷியாடு மெட்ரோ நிலையத்துக்குள் நுழைந்து, அதன் நகரும் படிகளிலேயே ஏறி மறுவாசல் வழியாக ஷியாடுவில் வெளியே வாருங்கள். டிக்கெட் தேவையில்லை. குன்றின்மேல் இருக்கும் கோட்டைக்கும் அப்படித்தான்: பங்க்கேய்ருஷ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் நகராட்சியின் இலவச லிப்ட் இருக்கிறது. அதில் ஏறி, கொஞ்சம் நடந்து, பழைய சந்தைக் கட்டடத்தின் இரண்டாவது லிப்டைப் பிடித்தால் குன்றின் பெரும்பகுதி முடிந்துவிடும். 28ஆம் எண் டிராமில் அம்மாவை ஏற்றிவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். அதில் உட்கார இடம் கிடைக்காது, பர்ஸ் திருடுபவர்களுக்கு மட்டும் நிற்க இடம் கிடைத்துவிடும். காலை எட்டுக்கு முன் போகிறவர்கள் போகலாம்.

சரி, சாப்பாடு. இரவுச் சாப்பாட்டைப் பெரிதாக வைத்துத் திட்டமிடுவதுதான் நம்மவர் எல்லோரும் செய்வது. லிஸ்பனில் நல்ல சோறு மதியம் கிடைக்கிறது. தாஸ்கா என்பார்கள்; நாலைந்து மேசை போட்ட சின்னச் சாப்பாட்டுக் கடை. கணவன் அடுப்படியில் நிற்பார், மனைவி பரிமாறுவார், அல்லது நேர்மாறாக. அன்றைய சமையலைக் கையால் எழுதிக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருப்பார்கள். மேசைமேல் துணிக்குப் பதில் காகிதம் விரித்திருக்கும். சாப்பிட்டு முடித்ததும் அந்தக் காகிதத்தின் ஓரத்திலேயே பேனாவால் கணக்குப் போட்டு, கூட்டி, கோடு கிழித்துக் காட்டுவார்கள். பன்னிரண்டரைக்கெல்லாம் போய்விடுங்கள். ஒரு மணிக்கு வங்கி ஊழியர்கள், கொத்தனார்கள், பெயின்ட் அடிப்பவர்கள் எல்லோரும் வந்து நிறைந்துவிடுவார்கள். மூன்று மணிக்கு அடுப்பு அணைந்துவிடும். அன்றைய சாப்பாடு பத்து யூரோவை ஒட்டி முடியும். மீன் தட்டு ஒன்று இரண்டு பேருக்குப் போதும். "மெய்யா தோஸ்" என்று கேட்டால் பாதி அளவு தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை பல தாஸ்காக்கள் மூடியிருக்கும்.

ஆறு மொழிகளில் படம் போட்ட மெனு வைத்து, வாசலில் ஆள் நின்று கையைப் பிடித்து இழுக்கும் கடைக்கு மட்டும் போகாதீர்கள். பைஷாவின் அகல நடைபாதைத் தெருவில் இருப்பவை பெரும்பாலும் அந்த ரகம்.

உட்கார்ந்ததும் நீங்கள் கேட்காமலேயே ரொட்டி, வெண்ணெய், ஆலிவ் காய், பாலாடைக்கட்டி எல்லாம் வந்துவிடும். உபசாரம் என்று நினைத்து மகள் கைவைத்தால் பில்லில் ஏறிவிடும். தொட்டதற்கு மட்டும்தான் காசு. கேட்காமல் வைத்து, நீங்கள் தொடாமல் விட்டதற்குப் பணம் வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். வேண்டாம் என்று கையை அசைத்தால் முகம் சுளிக்காமல் எடுத்துப்போய்விடுவார்கள். நான் ஆலிவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிடுவேன்.

அம்மாவின் பாடுதான் கொஞ்சம் கடினம். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீனைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் கணக்கில் மீன் வேறு. "சேய்ம் கார்ன், சேய்ம் பேய்ஷ்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கும் கீரையும் போட்ட பச்சை சூப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு ஒன்று மிதக்கும், எடுத்துவிட்டாலும் சாறு இறங்கியிருக்கும். காய்கறி சூப் பெரும்பாலான கடைகளில் இருக்கிறது; எலும்புச் சாறு சேர்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். பேய்ஷீன்யுஷ் என்று மெனுவில் இருந்தால் அம்மாவுக்குச் சொல்லுங்கள். "தோட்டத்துச் சிறு மீன்கள்" என்ற பெயரைக் கேட்டு அவர் பதறுவார். தட்டில் வருவது மாவில் தோய்த்துப் பொரித்த பீன்ஸ், நம் பஜ்ஜியின் ஒன்றுவிட்ட தம்பி. மாவில் முட்டை சேர்ப்பவர்களும் உண்டு, அதை மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். ஜப்பானியரின் டெம்புரா இதிலிருந்து போனது என்பார்கள். பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் சமோசாவைப் பார்த்தும் மகிழ்ந்துவிடாதீர்கள். கோவா வழியாக அங்கே போய்ச் சேர்ந்த அந்தச் சமோசாவுக்குள் பெரும்பாலும் கோழியோ மாட்டிறைச்சியோ இருக்கும்.

முட்டைத் தார்ட் இல்லாமல் லிஸ்பன் இல்லை. பெலெமில் இருக்கும் புகழ்பெற்ற கடை 1837இல் தொடங்கியது. 1834இல் மடாலயங்களை அரசு மூடியபோது, பக்கத்து ஜெரோனிமுஷ் மடத்தின் செய்முறை வெளியே வந்து கடைக்குப் போனது. வாசலில் நிற்கும் வரிசை கையில் வாங்கிப்போகிறவர்களுக்கானது; உள்ளே நிறைய அறைகள், அங்கே உட்கார இடம் சீக்கிரம் கிடைக்கும். மேலே பட்டைத் தூள் தூவிச் சூட்டோடு சாப்பிட வேண்டும். இதில் கேக்கில் இருப்பதைவிட முட்டை மிக அதிகம். மஞ்சள் கருவேதான் உள்ளீடு. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மடாலய வழி இனிப்புகள் சிலவற்றில் பன்றிக் கொழுப்பும் சேரும். தெரியாத இனிப்பை வாங்குமுன் "பான்யா" இருக்கிறதா என்று கேளுங்கள். அக்டோபரில் தெருமுனைகளில் புகை எழும் வண்டிகளைப் பார்ப்பீர்கள். கல்லுப்பு தூவிச் சுட்ட செஸ்நட் கொட்டைகள், டஜன் கணக்கில் காகிதத்தில் பொதிந்து தருவார்கள். அம்மாவுக்கு எந்தச் சந்தேகமும் வேண்டாத பண்டம்.

முழுச் சாப்பாடு வேண்டுமென்று அம்மா ஏங்கும் நாளில், நகரத்தின் வடக்கே லூமியார் பக்கம் மகாத்மா காந்தி பெயரிலேயே ஒரு சாலை இருக்கிறது. அங்கே ராதாகிருஷ்ணர் கோயில். மோசாம்பிக் போர்ச்சுகலிடமிருந்து 1975இல் விடுதலை பெற்ற காலத்தில் அங்கிருந்து லிஸ்பன் வந்த குஜராத்திகளின் சமூகம் கட்டியது. கோயிலோடு சேர்ந்த உணவுக்கூடத்தில் சைவச் சாப்பாடு போடுகிறார்கள். நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். முகவர் சொல்லும் இந்திய உணவகங்களில் இரவுதோறும் வெண்ணெய் மிதக்கும் ஒரே குழம்பைச் சாப்பிட ஈரோட்டிலிருந்து அவ்வளவு தூரம் போக வேண்டுமா? இரவுக்குத் தயிர், பழம், ரொட்டி, டப்பாவில் வேகவைத்த கொண்டைக்கடலை என்று சூப்பர் மார்க்கெட்டிலேயே வேலை முடிந்துவிடும்.

வாங்குவதற்கு வருவோம். லிஸ்பன் வீட்டு முகப்புகளில் பதித்திருக்கும் நீல ஓடுகள் உங்கள் மனைவியை மயக்கும். செவ்வாயும் சனியும் சாந்தா கிளாரா திடலில் கூடும் பழம்பொருள் சந்தையில் அவை தனித்தனியாக விற்பனைக்கு இருக்கும். பழைய ஓடுகளை மட்டும் வாங்காதீர்கள். சுவரிலிருந்து இரவோடு இரவாகப் பெயர்த்துத் திருடியவை அவற்றுக்கிடையே கலந்திருக்கின்றன. தெருவில் நடக்கும்போது வீட்டு முகப்பில் சதுரம் சதுரமாகக் காரை மட்டும் தெரியும் இடங்களைக் கவனியுங்கள். 2007 முதல் இதற்கென்றே ஓடு காப்பு இயக்கம் ஒன்று இயங்குகிறது. முகப்பு ஓடுகளைப் பெயர்ப்பதைத் தடுக்கச் சட்டமும் வந்திருக்கிறது. ஆசைக்கு வேண்டுமென்றால் 1741 முதல் கையால் ஓடு செய்துவரும் சாந்தானா போன்ற பட்டறைகளின் புதிய ஓடு வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஒன்று வாங்கினால் போதும், கனமும் தாங்காது.

மீன் டப்பா வாங்க, டப்பாமேல் பிறந்த ஆண்டை அச்சிட்டு விற்கும் பளபளப்பான கடைகளுக்குப் போக வேண்டாம். பாகல்யுவெய்ருஷ் தெருவில் 1930 முதல் இருக்கும் கொன்செர்வெய்ரா த லிஸ்போவாவுக்குப் போங்கள். மர அலமாரிகளில் கூரைவரை டப்பாக்கள். வாங்கியதைக் காகிதத்தில் சுற்றி நூல் கட்டித் தருவார்கள்.

கார்மு தெருவில் 1925 முதல் இருக்கும் யுலிஸெஸ் கையுறைக் கடையையும் மகளுக்குக் காட்டுங்கள். இரண்டு மூன்று பேர் நின்றால் கடை நிறைந்துவிடும், மற்றவர்கள் தெருவில் காத்திருப்பார்கள். மேசைமேல் ஒரு சிறு மெத்தை; அதில் முழங்கையை ஊன்றிக் கையை மேலே நீட்ட வேண்டும். விற்பவர் மர இடுக்கியால் கையுறையின் ஒவ்வொரு விரலையும் விரித்து, உள்ளே பவுடர் தூவி, உங்கள் விரல்களில் ஒவ்வொன்றாக இழுத்து மாட்டிவிடுவார். ஈரோட்டு வெயிலுக்குத் தோல் கையுறை எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயம். கொஞ்ச நேரம் வேடிக்கையாவது பாருங்கள். அதே மேட்டில் 1732இல் தொடங்கிய பெர்ட்ராண்ட் புத்தகக் கடையும் இருக்கிறது. புத்தகம் என்றதும் நினைவுக்கு வருகிறது: அச்சேறிய முதல் தமிழ் நூல் 1554இல் இந்த ஊரில்தான் அச்சானது, ரோமன் எழுத்தில். கிறிஸ்தவ வினாவிடை நூல் அது.

ஒரே கடையில் வரியோடு சேர்த்து 61.50 யூரோவுக்கு மேல் வாங்கினால், பாஸ்போர்ட்டைக் காட்டி வரி திரும்பப் பெறும் தாளைக் கேளுங்கள். பெட்டியை விமானத்துக்கு ஒப்படைக்கும் முன்பே, விமான நிலைய இயந்திரத்தில் அதைப் பதிவு செய்துவிட வேண்டும்.

கடைசியாக உங்கள் பொட்டலங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வருபவர்கள் பாலில் செய்த எதையும் இறைச்சியையும் கொண்டுபோகக் கூடாது. நெய் கூடாது, பால்கோவா கூடாது. பருப்புப்பொடிக்கும் எண்ணெயில் போட்ட மாங்காய் ஊறுகாய்க்கும் தடை இல்லை. இறுக மூடிப் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வைத்தால் ஊறுகாயைத் திரவமென்று நம் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். கறிவேப்பிலையைப் பச்சையாக எடுத்துப்போகாதீர்கள். தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். அரிசி, பருப்பு, மசாலா தீர்ந்துபோனால் மார்ட்டிம் மோனிஸ் சதுக்கத்தை ஒட்டிய பென்ஃபர்மோசு தெருவில் வங்காளதேசத்தவர் நடத்தும் மளிகைக் கடைகள் இருக்கின்றன. பச்சை மெட்ரோவில் அதே பெயர் கொண்ட நிலையத்தில் இறங்குங்கள்.