இறந்தவர் பேரில் வரும் பில்கள்: கேள்வி-பதில்

கே: அப்பா இறந்த சில நாட்களில் ஒருவர் போன் செய்தார். அப்பா காது கேட்கும் கருவிக்கு முன்பணம் கட்டியிருந்தாராம், பாக்கியைக் கட்டச் சொன்னார். கட்டிவிட்டேன். பொருள் வரவில்லை.

ப: உங்கள் மேல் தப்பே இல்லை, அம்மா. இரங்கல் அறிவிப்பைப் பார்த்தே எண்ணைத் தேடிப் பிடிக்கும் கூட்டம் இருக்கிறது. துக்க வீட்டில் யாரும் ரசீது கேட்கமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்றைக்கே வங்கியில் சொல்லுங்கள், போலீஸிலும் புகார் கொடுங்கள். தாமதமாக ஆக பணம் கை மாறிக்கொண்டே போகும். இனி யார் பாக்கி கேட்டாலும், ஆர்டரும் முன்பண ரசீதும் எழுத்தில் வந்த பிறகுதான் பேச்சு.

கே: இறந்த அண்ணனின் ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் என்னிடம் இருக்கின்றன. செலவுக்கு எடுக்கலாமா?

ப: எடுக்காதீர்கள். பின் நம்பர் தெரிந்தால் வாரிசு ஆகிவிட முடியாது.

கே: தம்பியின் ஐபோன் படங்கள், அவன் காசு கொடுத்து வாங்கிய மின்நூல்கள், விளையாட்டுகள் எல்லாம் எனக்கு வருமா?

ப: படங்கள் வரலாம். இறப்புக்குப் பின் தன் கணக்கைத் திறக்க ஒருவரை நியமிக்கும் வசதி ஆப்பிளில் 2021 முதல் இருக்கிறது. தம்பி உங்களை நியமித்திருந்தால், அப்போது தந்த குறியீடும் இறப்புச் சான்றிதழும் வேண்டும். ஆப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுடில் ஏறிய படங்கள் 3 வருடம் வரை கிடைக்கும், அதற்குள் எடுத்துவையுங்கள்.

மற்றவை வராது. இங்கேதான் எனக்கு வயிறெரியும். ‘வாங்கு’ என்று பொத்தானில் பெரிதாகப் போடுவார்கள். கொடுத்தது வெறும் உரிமம், அதுவும் அந்த ஒருவருக்கு மட்டும் என்பது யாரும் படிக்காத நிபந்தனைகளுக்குள் கிடக்கும். கணினி விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் கடையின் கணக்கைக் கைமாற்ற முடியாது என்று அதன் ஒப்பந்தமே சொல்கிறது. அச்சுப் புத்தகம் என்றால் பேரன்வரை போகும், பழைய புத்தகக் கடையிலாவது போடலாம். நான் சேர்த்த மின்நூல்கள், விற்ற கடை மூடியதுமே காணாமல் போயின. அதற்கு நான் சாகக்கூட வேண்டியிருக்கவில்லை! அப்புறம், கூகுளிலும் 2013 முதல் இப்படி ஆள் நியமிக்கலாம். உயிரோடு இருப்பவர்கள் இன்றே செய்யுங்கள்.

கே: வீண் செலவு என்று அம்மாவின் சிம்மை முதல் வாரமே ரத்து செய்தேன். இப்போது ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்கே போகிறது.

ப: வேறு எங்கே போகும்? சரி, இறப்புச் சான்றிதழோடு தொலைபேசி நிறுவனத்துக்கு ஓடுங்கள். எண் இன்னொருவருக்குப் போகாதிருந்தால் கேட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் ஒவ்வொரு இடத்திலும் சான்றிதழைக் காட்டித்தான் கணக்கை முடிக்க வேண்டும். தானாகப் பணம் பிடிக்கும் சந்தாக்களை முதலில் நிறுத்தவேண்டும், சிம்மைக் கடைசியில். இதைக் கேட்க ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?

கே: கணவர் வாங்கிய கடனுக்கு, “சின்னத் தொகையாவது கட்டுங்கள்” என்று வசூல் ஆள் நச்சரிக்கிறார்.

ப: இப்போதைக்கு எதையும் கட்டாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பொதுவாக இறந்தவர் கடன் அவர் விட்டுப்போன சொத்திலிருந்துதான் அடையவேண்டும். நீங்கள் ஜாமீன் நின்றிருந்தாலோ, சேர்ந்து வாங்கியிருந்தாலோ கதை வேறு. தம்பதியர் கடனுக்குச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் வக்கீலைப் பாருங்கள். கடனோடு காப்பீடும் தலையில் கட்டியிருக்கிறார்களா என்று பத்திரத்தில் தேடுங்கள். இருந்தால் கடனை அதுவே அடைக்கக்கூடும். வசூலுக்கு வருகிறவர் இதை மட்டும் சொல்லமாட்டார்.

கே: இறப்புச் சான்றிதழ் ஒரு பிரதி போதுமா?

ப: போதாது. வங்கி, காப்பீடு, ஓய்வூதியம், சொத்துப் பதிவு என்று ஆளாளுக்குக் கேட்பார்கள்.