கதை எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

அம்மாபேட்டையில் இருக்கிறேன். வீட்டில் வெண்பட்டுத் தறி. பிளஸ் டூவில் கொடுத்த அரசு லேப்டாப் பேட்டரி போய்ப் பரண்மேல் கிடக்கிறது. இப்போது எனக்கு எல்லாமே போன்தான். கதைகளையும் அதில்தான் எழுதுகிறேன். எழுதியதை எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொள்வேன். போனில் எழுதினால் நடை துண்டுதுண்டாகிவிடும், எழுத்தாளர் ஆக வேண்டுமானால் லேப்டாப் வேண்டும் என்கிறார்கள் தோழிகள். தவணையில் ஒன்று வாங்கட்டுமா?

ச., சேலம்

அன்புள்ள ச.,

நடையைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். துண்டுதுண்டாக யோசிப்பவருக்கு எந்தக் கருவியில் எழுதினாலும் நடை அப்படித்தான் வரும். உங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியம்கூடத் தடுமாறவில்லை. தோழிகளுக்கு அதையே காட்டுங்கள்.

போன் வந்து லேப்டாப்பை விரட்டிவிட்டது என்று சிலர் ஒப்பாரி வைக்கிறார்கள். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் விரட்டுவதற்கு லேப்டாப்பே இருந்ததில்லை. 2011இல் அரசு கொடுக்கத் தொடங்கியதுதான் பல தெருக்களுக்கு முதல் கணினி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் போன் வீட்டுக்கு வீடு கணினியானது. அடுத்த மாதமே, இணையப் பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் ஸ்டேட்கவுண்டர் நிறுவனத்தின் கணக்குப்படி, உலக அளவில் இணையம் பார்ப்பதில் மொபைலும் டேப்லட்டும் சேர்ந்து மேசைக் கணினியைத் தாண்டிவிட்டன. ஆகவே உங்கள் கையில் இருப்பது குறைந்த சரக்கு என்று கூச வேண்டாம். தட்டச்சு சிரமமாக இருந்தால் ஒரு புளூடூத் கீபோர்டு வாங்கித் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைப் பழகுங்கள். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். கை வேகமாகப் பழகிவிடும்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொரு வரி. எழுதியதை எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொள்வேன் என்கிறீர்கள். இதைக் கொஞ்ச நாளாகவே நினைத்துப் பொருமிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் சரியாக அந்த இடத்தில் வந்து விழுந்தது.

என் மாமா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் அங்கேதான் கிடப்பேன். கல்லாப்பெட்டிக்குக் கீழே காக்கி அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கும். புது மாடல் முடிந்ததும் மாமா கொலுசைப் பலகையில் நீட்டி வைத்து, மேலே மெல்லிய தாளைப் போட்டு, பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பார். அரும்பும் வளையமும் ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பி வரும். அந்தத் தாளை நோட்டில் ஒட்டி, ஓரத்தில் எடை, கூலி, எந்த ஊர் வியாபாரிக்குப் போனது என்று எழுதுவார். யாரோ வந்து பழைய மாடல் கேட்டால் பக்கத்தைப் புரட்டி, இதுவா என்பார்.

இப்போது மாமா மகன் சிவதாபுரத்தில் பட்டறை நடத்துகிறான். நல்ல வேலைக்காரன். ஆர்டர், மாடல் போட்டோ, கூலிக்கணக்கு எல்லாம் போனில், அதுவும் வாட்ஸ்அப்பில். போன வருஷம் போன் பாலிஷ் தொட்டியில் விழுந்தது. பேக்கப் எடுத்திருக்கவில்லை. அவனே யோசித்துச் செய்த மாடல்கள் போயின. வியாபாரிகளிடம் திரும்பக் கேட்டு வாங்கிய போட்டோக்களில் அரும்பு எது, பற்றவைத்த இடம் எது என்று தெரியவில்லை. அனுப்பி அனுப்பித் தேய்ந்த படங்கள். காக்கி நோட்டு இன்னும் அவன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு மாடலை எடுத்து மறுபடி போட்டிருக்கிறான்.

இதில் அவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். போன் ஆரம்பத்திலிருந்தே பொருளை வைக்கும் இடத்தை மறைத்துத்தான் வளர்ந்தது. 2007இல் ஐபோன் வந்தபோது, கோப்புகளைத் திறந்து பார்த்து அடுக்கி வைக்க அதில் ஓர் இடமே கிடையாது. ஃபைல்ஸ் என்ற செயலி வந்தது 2017இல், ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11 உடன். ஆண்ட்ராய்டில் இடம் இருந்தது. யார் திறந்து பார்த்தார்கள்? செயலியைத் திற, எழுது, மூடு. எழுதியது எங்கே போய் உட்கார்ந்தது என்று கேட்கவே ஒரு தலைமுறைக்குச் சொல்லித்தரவில்லை. குறிப்புச் செயலி ஒன்றில் எழுதிவிட்டு, இடம் போதவில்லை என்று அந்தச் செயலியையே நீக்கினால், வேறெங்கும் சேமிக்காத எழுத்து அதோடு சேர்ந்து அழிந்துவிடும். இது படித்த பிள்ளைகளுக்கே தெரியவில்லை.

பேக்கப் இருக்கிறதே என்பீர்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024இலிருந்து உங்கள் கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும். போட்டோ, மெயில் எல்லாம் அதே இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன. நிரம்பினால் பேக்கப் நின்றுவிடும். உங்கள் கதைக்குப் பக்கத்தில் காலை வணக்கப் பூங்கொத்தும் சீட்டுக்காரர் அனுப்பிய ரசீதும். கதையை வைக்கிற இடமா அது?

மாவட்ட மைய நூலகத்தில் புத்தகம் எடுக்கிறவராகத்தான் இருப்பீர்கள். அடுக்கில் இல்லாத புத்தகத்துக்காக எத்தனை ஆதங்கப்படுகிறோம்! சொந்தக் கதைக்கு அந்த அக்கறை வேண்டாமா? தறியில் ஓர் இழை அறுந்தால் உடனே எழுந்து முடிச்சுப் போடுகிற வீட்டில் பிறந்த பெண் இப்படி அலட்சியமாக இருக்கலாமா? திட்டுகிறேனே என்று வருந்தாதீர்கள் அம்மா. எழுதத் தெரிந்தவர் என்பதால்தான் இவ்வளவு கோபம்.

இன்றைக்கே செய்யுங்கள். ஒவ்வொரு கதையும் தனிக் கோப்பு. பெயரில் தலைப்பும் மாதமும் வருஷமும் இருக்கட்டும். போனில் ஒரு ஃபோல்டர், கூகுள் டிரைவில் ஒரு பிரதி, டைப்-சி பென் டிரைவில் இன்னொரு பிரதி. பரணில் கிடக்கும் லேப்டாப்பையும் இறக்குங்கள். பேட்டரி போனால் இயந்திரம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சார்ஜரைச் செருகிப் பாருங்கள், ஓடக்கூடும். ஓடாவிட்டால் ரிப்பேர் கடையில் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, உள்ளே இருப்பதை எடுத்துத் தருவார்கள். பள்ளியில் எழுதியது ஏதாவது அதில் இருக்கும். அதைக் குப்பை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

லேப்டாப்பா? தவணையில் வேண்டாம். கையில் காசு சேரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கடிதத்தோடு வாட்ஸ்அப்பிலிருந்து வெட்டி ஒட்டிய கதையையும் படித்தேன். வெண்பட்டு வேட்டியை மடித்து வைத்துவிட்டு, அந்தக் கிழவர் கூலியை வாங்காமல் நிற்கும் இடம் அபாரம். அங்கிருந்து நேரே அவர் மகள் கல்யாணத்துக்குத் தாவுகிறது. நடுவில் ஒரு பகுதி விட்டுப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன். தேடி எடுத்து, முழுக்கதையையும் ஒரே கோப்பாக அனுப்புங்கள்.