ஏணையா, தொட்டிலா, கட்டிலா: பிறந்த பிள்ளையை எங்கே வளர்த்தித் தூங்க வைப்பது?

கேள்வி: இது எனக்கு முதல் பிள்ளை. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பிறந்ததும் சுன்னாகத்தில் அம்மா வீட்டில்தான் இருப்பேன். அம்மா கூரை வளையில் சீலையால் ஏணை கட்டலாம் என்கிறா. மாமியோ, கட்டிலில் பக்கத்திலேயே வளர்த்து, அப்போதுதான் பால் கொடுக்க வசதி என்கிறா. கனடாவில் இருக்கும் மச்சாள் சுற்றிவரப் பஞ்சணை வைத்த ஒரு குட்டிப் படுக்கை அனுப்பியிருக்கிறா. நல்ல தொட்டில் ஒன்று வாங்கலாம் என்று விசாரித்தால் விலை தாங்காது. எங்கள் அறை சிறியது, சீற் கூரை, பகலில் வெக்கை, நுளம்பு வேறு. பிள்ளையை எங்கே படுக்க வைப்பது?

பதில்: தங்கச்சி, தொட்டில் வாங்க முடியவில்லையே என்ற கவலையை முதலில் விடுங்கள். பிறந்த பிள்ளையின் படுக்கைக்குக் காசு பெரிய விஷயமே இல்லை. மட்டமான, அழுத்தினால் அமிழாத, மேலே வேறொன்றும் கிடக்காத ஓர் இடம் வேண்டும். அது நீங்கள் படுக்கும் அதே அறையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். கடையில் ‘பேபி' என்று பெயர் போட்டு விற்கும் பஞ்சுச் சாமான்களில் பாதி இதைக் கெடுக்கத்தான் உதவும்.

ஏன் மட்டம் என்று வற்புறுத்துகிறேன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உங்கள் வீட்டில் இருக்கும் மூன்று யோசனைகளையும் அதை வைத்துத்தான் நிறுக்கப் போகிறோம். பிறந்த பிள்ளைக்கு உடம்போடு பார்த்தால் தலை பெரிது, பின்மண்டை புடைத்திருக்கும், கழுத்துத் தசைக்குப் பலம் கிடையாது. வளைந்த இடத்தில் வளர்த்தினால் தலை முன்னால் சரிந்து நாடி நெஞ்சில் முட்டும். மூச்சுக்குழாயோ இன்னும் மென்மையானது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் ஹோஸ் மடிந்தால் என்ன நடக்குமோ, அதுதான் அங்கேயும் நடக்கும். நாங்கள் என்றால் தூக்கத்திலேயே தலையைத் திருப்பிக்கொள்வோம். ஒரு மாதப் பிள்ளையால் அது முடியாது. மூச்சு முட்டினால் பிள்ளை அழும், நமக்குக் கேட்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது. சத்தமே வராமல் போகலாம்.

அடுத்தது, எப்போதும் மல்லாக்க வளர்த்துங்கள். இரவானாலும் பகலில் போடும் குட்டித் தூக்கமானாலும் மல்லாக்கத்தான். மேற்கு நாடுகளில் ஒரு காலத்தில் வைத்தியர்களே குப்புறப் போடச் சொன்னார்கள். அப்படிப் படுத்த பிள்ளைகள் காரணம் தெரியாமல் தூக்கத்தில் இறப்பது கூடுதல் என்று ஆய்வுகளில் தெரியவந்த பிறகு, பிரித்தானியாவில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் மல்லாக்கப் படுக்க வைக்கும் பிரசாரம் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அந்த மரணங்கள் பாதியளவுக்குக் குறைந்தன. மருந்தும் இல்லை, மெசினும் இல்லை, பிள்ளையைத் திருப்பிப் போட்டதுதான். ஏணையில் மல்லாக்கப் போட்டு ஆட்டிய எங்கள் ஆச்சிமாருக்கு இது பெரிய புதினமாக இருந்திருக்காது.

மல்லாக்கப் போட்டால் கக்கும் பால் புரைக்கேறாதா என்று உங்கள் அம்மா கட்டாயம் கேட்பார். அந்தப் பயம் தேவையில்லை. மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போவதை விட, கீழே இறங்கி விழுங்கப்படுவதுதான் சுலபம். குப்புறப் போட்டால் இது மாறிவிடும். பால் குடித்ததும் தோளில் போட்டு ஏவறை எடுப்பித்துவிட்டு வளர்த்துங்கள், போதும். பக்கவாட்டில் போட்டு முதுகுக்கு அணை கொடுப்பதும் வேண்டாம். பக்கவாட்டில் கிடக்கும் பிள்ளை சுலபமாகக் குப்புறச் சரிந்துவிடும். குறைமாதப் பிள்ளையை வைத்தியசாலையில் குப்புறப் போட்டிருந்ததைப் பார்த்தவர்கள் வீட்டிலும் அப்படிச் செய்வதுண்டு. அங்கே மூச்சையும் இதயத்துடிப்பையும் இயந்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறது, தாதி பக்கத்தில் நிற்கிறார். வீட்டில் அது இல்லையே.

சரி, இனி ஏணைக்கு வருவோம். இதில் அம்மாவோடு சண்டை பிடிக்கவும் வேண்டாம், முழுதாக விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். சீலை ஏணையின் அடி வளைவு. மேலே சொன்ன, நாடி நெஞ்சில் முட்டும் பிரச்சினை அங்கே இருந்தே தீரும். இரண்டு பக்கச் சீலையும் வந்து பிள்ளையின் முகத்துக்கு மேலே சேர்ந்துகொள்ளும். குசினியில் நிற்பவருக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. நைலெக்ஸ், பொலியெஸ்டர் சீலை என்றால் காற்றுப் போவதும் குறைவு. அதனால் இரவுப் படுக்கையாக ஏணை வேண்டாம். இதில் என் பதில் உறுதியானது. பகலில் அழும் பிள்ளையை ஆட்டி அமர்த்தலாம். ஆனால் ஒருவர் பக்கத்திலேயே இருந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கண் அயர்ந்ததும் தூக்கி மட்டமான இடத்தில் வளர்த்த வேண்டும். தூக்கும்போது முழித்துவிடும், திரும்பவும் ஆட்ட வேண்டிவரும். உண்மைதான். அந்தக் கரைச்சலைப் பொறுக்கத்தான் வேண்டும்.

ஏணை கட்டுவதென்றால் நைந்த பழஞ்சீலை வேண்டாம், உறுதியான பருத்திச் சீலை எடுங்கள். வளையும் கொழுக்கியும் பாரம் தாங்குமா என்று வீட்டில் கனமான ஆள் ஒருவர் பிடித்துத் தொங்கிப் பார்க்கட்டும். நிலத்திலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயரம் தேவையில்லை. ஸ்பிரிங் போட்டால் அதற்குள் விரல் அகப்படாமல் துணியால் சுற்றிவிடுங்கள். ஏணைக்குள் தலையணையோ துவாயோ போடக்கூடாது. அயல் வீட்டுச் சின்னப் பிள்ளைகளை அதில் ஏறி ஊஞ்சலாட விடவே கூடாது. முறுகும் சீலை கழுத்தில் சுற்றி இறுகும் விபத்துகள் அப்படித்தான் வருகின்றன. பிள்ளை உருளப் பார்க்கத் தொடங்கும் நாளில், ஏறக்குறைய நாலாம் மாதத்தில், ஏணையைக் கழற்றிவிடுங்கள்.

மாமி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிள்ளை பக்கத்தில் இருந்தால் பால் கொடுப்பது சுலபம், தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்குத் திடீர் மரண ஆபத்தும் குறைவு. ஆனால் பக்கத்தில் என்பது ஒரே அறையில் என்றுதான் இருக்க வேண்டும், ஒரே மெத்தையில் என்று அல்ல. பெரியவர்களின் மெத்தை அமிழும், அங்கே தலையணையும் போர்வையும் இருக்கும். கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டால் பிள்ளை விழாது என்று எங்கள் வீடுகளில் நம்புகிறார்கள். மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் உள்ள வெளிதான் எனக்குப் பயம், அதற்குள் பிள்ளை இறங்கிச் சிக்கிவிடும். இரண்டு பக்கமும் தலையணை அடுக்கி வரம்பு கட்டுவது அதைவிட மோசம். தாயோ தகப்பனோ புகைப்பவராக இருந்தால், மது குடித்திருந்தால், நித்திரை வரும் மருந்து எடுத்திருந்தால், பிள்ளை குறைமாதமாகவோ 2.5 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால், ஒரே மெத்தையில் படுக்கவே கூடாது. வெளியில் நின்று புகைத்துவிட்டு வந்தேன் என்பது கணக்கில் வராது. சிசேரியன் முடிந்து வலிமாத்திரையோடு களைத்துக் கிடக்கும் தாய்க்கும் இதே எச்சரிக்கைதான். முதல் நாலு மாதங்கள்தான் ஆபத்து மிகக் கூடிய காலம்.

கட்டிலில் வைத்துப் பால் கொடுங்கள், முடிந்ததும் பிள்ளையின் இடத்தில் திரும்ப வளர்த்துங்கள். சாமம் இரண்டு மணிக்குக் கண் சொருகும் என்பது எனக்கும் தெரியும். அப்படிச் சொருகிவிடுவேன் என்று பட்டால், தலையணையையும் போர்வையையும் முதலே அகற்றிவிட்டுக் கட்டிலில் இருந்தே கொடுங்கள். கதிரைக்கோ சோபாவுக்கோ போகாதீர்கள். கண் விழித்ததும் பிள்ளையை இடம் மாற்றுங்கள். சோபாவில் பிள்ளையோடு தூங்கிப்போவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. சாய்மனைக் கதிரையில் பேரப்பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு அப்பா ஒரு குட்டித் தூக்கம் போடுவதும் அதே வகைதான். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் பிள்ளையை வாங்கி வளர்த்திவிடுங்கள்.

மச்சாள் அனுப்பியதைத் தூக்கத்துக்குப் பாவிக்க வேண்டாம். சுற்றிவர இருக்கும் பஞ்சணையில் முகம் புதைந்தால், பிள்ளை தான் வெளியே விட்ட காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும். கனடாவிலும் வைத்தியர்கள் சொல்வது வெறும் மட்டமான படுக்கையைத்தான் என்று மச்சாளுக்குச் சொல்லலாம். பிள்ளை முழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்தால், அதில் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். படம் எடுத்து அனுப்பினால் மச்சாளுக்கும் சந்தோஷம்.

அப்படியானால் எங்கேதான் படுக்க வைப்பது? உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது, நிலத்தில் பாய், அதன்மேல் மெல்லிய, இறுகிய தும்பு மெத்தை, அதன்மேல் இழுத்துச் செருகிய ஒரு பருத்தி விரிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே நுளம்பு வலை. இலவம்பஞ்சு மெத்தையும் மெத்தென்ற ஸ்பொஞ்சும் வேண்டாம். உள்ளங்கையால் அழுத்திவிட்டு எடுத்தால் பள்ளம் நிற்கக்கூடாது. முடிந்தால் நீங்களும் கொஞ்ச நாளைக்கு உங்கள் பாயை அதன் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

நிலம் என்றதும் பூச்சி, பூரான் என்று அம்மா பதறுவார், பதறுவதும் சரிதான். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து நிலத்தில் படுப்பவர்களைக் கடிப்பது எங்கள் நாட்டில் புதிதல்ல. வலையின் விளிம்பைச் சுற்றிவர மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால் நுளம்போடு அதற்கும் ஒரு தடுப்பு. பகலிலும் வலை வேண்டும், டெங்கு நுளம்பு கடிப்பது பகலில்தான். மாரி மழை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்குவும் தொடங்கிவிடும். குடைபோல விரியும் பேபி நெற் மலிவானது, பாவிக்கலாம். ஆனால் அதோடு வரும் பஞ்சுத் தலையணையை எடுத்து வெளியே வையுங்கள். நுளம்புச் சுருளை அந்த அறையில் கொளுத்தவே வேண்டாம். முழுக வார்த்த பிறகு பிடிக்கும் சாம்பிராணிப் புகையும் பிஞ்சு நெஞ்சுக்கு ஆகாது.

சொந்தக்காரர் யாராவது பழைய தொட்டில் தந்தால் வாங்கலாம், பார்த்து வாங்குங்கள். கம்பிகளுக்கு இடையில் 6 சென்ரிமீற்றருக்கு மேல் வெளி இருக்கக்கூடாது. ஒரு குளிர்பான ரின் இடையால் புகுந்து வெளியே வந்தால் அந்தத் தொட்டில் வேண்டாம். மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையில் இரண்டு விரலுக்கு மேல் போகக்கூடாது. பக்கப் பலகை கீழே இறங்கும் வகையும் வேண்டாம். யன்னல் திரைக் கயிறும் போன் சார்ஜர் வயரும் கைக்கு எட்டாத இடத்தில் தொட்டிலை வையுங்கள்.

தலை வடிவாக வர வேண்டும் என்று கடுகோ சீரகமோ போட்டுத் தைத்த தலையணை யாராவது கொண்டுவருவார்கள். ஒரு வயது வரைக்கும் எந்தத் தலையணையும் வேண்டாம். தலை தட்டையாகாமல் இருக்க, முழித்திருக்கும் நேரத்தில் உங்கள் கண்முன்னே கொஞ்சம் கொஞ்சமாகக் குப்புறப் போட்டுப் பழக்குங்கள், தூங்கும்போது முகம் ஒரு நாள் வலமும் ஒரு நாள் இடமும் பார்க்கட்டும். முப்பத்தோராம் நாளுக்குப் பஞ்சாயுதச் சங்கிலி போடுவீர்கள், போடுங்கள். தூங்கும்போது கழுத்தில் சங்கிலியோ கறுப்புக் கயிறோ இருக்கக்கூடாது. நாவூறுக்கு வைக்கும் இரும்பும் வேப்பிலையும் வாசல் நிலையில் இருக்கட்டும், பிள்ளையின் படுக்கையில் வேண்டாம்.

வெக்கை உங்கள் அறையின் உண்மையான பிரச்சினை. சித்திரை, வைகாசியில் சீற் கூரைக்குக் கீழே பிள்ளைக்குத் தொப்பி, கையுறை, காலுறை, போர்வை எல்லாம் போட்டு மூடினால் உடம்பு சூடேறும், சூடேறுவதும் தூக்க மரணத்துக்கு ஒரு காரணி. ஒரு பருத்திச் சட்டையும் நப்பியும் போதும். யன்னலைத் திறந்து, ஃபானை முகத்தில் நேரே அடிக்காதபடி சுழல விடுங்கள். சளி பிடிக்கும் என்பார்கள். சளி காற்றால் வருவதில்லை, தடிமனோடு வந்து பிள்ளையைக் கொஞ்சுபவர்களால் வருகிறது. கையும் காலும் குளிர்ந்திருப்பதைப் பார்த்துப் போர்த்த வேண்டாம், பிறந்த பிள்ளைக்கு அது வழமை. பிடரியிலோ நெஞ்சிலோ தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். மார்கழி வாடைக்கு வேண்டுமானால் தளர்வான போர்வைக்குப் பதிலாக இன்னொரு சட்டை போட்டுவிடுங்கள்.

உதடு நீலம்பாரித்தால், மூச்சு இடையில் நின்று நின்று வந்தால், அசைத்தும் எழும்பாவிட்டால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் 1990 இலக்கத்துக்குப் போன் அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மற்றபடி, பிறந்து முதல் பத்து நாட்களுக்குள் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவார். கொப்பியில் நிறையைக் குறித்துவிட்டு அனுப்பிவிடாமல், அறைக்குள் கூட்டிப்போய்ப் படுக்கையைக் காட்டுங்கள். மாமியும் அம்மாவும் பக்கத்தில் நிற்கும் நேரமாகப் பார்த்துக் காட்டுங்கள். நீங்கள் சொல்லி ஏறாதது அவர் சொன்னால் ஏறும்.